இருபத்தாறு நாள் மௌனம்

முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாகர்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தாணுமாலயன் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் ‘நெய்தல்’ என்ற லினக்ஸ் கணினி இயங்குதளத்தை உருவாக்கும் அமைப்புக்குச் சம்பளமில்லாமல் மென்பொருள் தொகுப்புகள் செய்து கொடுப்பார். வெளியாள் என்பதால் நேராக ஏற்ற முடியாது. அமைப்பின் உள்ளே இருக்கும் ஜெசிந்தா கையொப்பமிட வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் தாணுமாலயனின் முதல் தொகுப்பை அமைப்பிலிருந்த இக்பால் என்பவர் ‘சரியில்லை’ என்று ஒரே சொல்லில் திருப்பினார். அந்த ஆளின் மின்னஞ்சல் எதுவும் இனி கண்ணில் படக்கூடாது என்று அன்றே கணினியில் ஏற்பாடு செய்துவிட்டார் தாணுமாலயன்.

இப்போது பிரெயில் அச்சுத் தொகுப்பில் ‘ழ’ எல்லாம் ‘ல’வாக விழுந்தது. பார்வையற்றோர் பள்ளியின் பரீட்சைத் தாள் அதில்தான் அச்சாக வேண்டும். தொகுப்புக்குப் பொறுப்பாளர் அதே இக்பால். தாணுமாலயன் பழுதை நீக்கி, பொறுப்பையும் தனக்குத் தரும்படி அவருக்கு எழுதினார். இருபத்தாறு நாளாகியும் பதிலைக் காணோம். முப்பது நாள் மௌனமென்றால் வேறொருவர் பொறுப்பேற்கலாம். அதற்குமுன் வெளியாள் பழுதை மட்டும் தொடலாம், பொறுப்பாளரின் பெயரைத் தொடக்கூடாது. அங்கே அதுதான் வழக்கம்.

அந்த இருபத்தாறாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு நெய்தலின் புதிய பதிப்பின் கதவு மூடும்; அதற்குள் ஏறாத தொகுப்பு அதில் சேராது. ஐந்தரைக்குத் தாணுமாலயன் அனுப்பிய தொகுப்பில் பொறுப்பாளர் என்று இக்பாலுக்குப் பதிலாகத் தாணுமாலயன் பெயரே இருந்தது. ஜெசிந்தா போனில் வந்தாள்.

“அண்ணாச்சி, இக்பால் சார் பேரு எங்க?”

“வாயே திறக்காதவனுக்குப் பேரு ஒரு கேடா? உழைச்சவன் நான்லா!”

“அப்போ நாலு நாள் பொறுங்க. இல்லேன்னா பழைய பேரையே வையுங்க. இப்படியே கையெழுத்துப் போடமாட்டேன்.”

“பிள்ளைங்க பரீட்சை?”

“அது உங்க கையிலதான் இருக்கு.”

கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும் கேட்டவருக்கு ஒரே பக்கத்தை மூன்று தடவை எடுத்துக் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில், பல்லைக் கடித்துக்கொண்டு இக்பாலின் பெயரைத் திரும்ப எழுதினார். ஜெசிந்தா கையொப்பமிட, தொகுப்பு ஏறிவிட்டது.

மறுநாள் இக்பால் ஜெசிந்தாவுக்கு எழுதினார்: ‘அவர் கேட்ட மறுநாளே பொறுப்பை அவருக்கே கொடுத்துவிட்டேனே! இன்னும் ஏன் என் பெயர்?’

ஜெசிந்தா அதைப் போனில் சொன்னதும் தாணுமாலயன் குதித்தார். “பாத்தியா மக்களே? நான் எழுதுனதுதான் நியாயம். நீதான் அழிக்க வச்சே!”

“எனக்குத் தெரிஞ்சத வச்சுத்தானே அண்ணாச்சி சொல்ல முடியும்?”

இக்பாலின் பதில் எங்கே போனது? பெயர் விஷயத்தில் இருவரில் யார் செய்தது சரி?

விடை: பதில் வழியில் தொலையவில்லை. தாணுமாலயன் ஆறு வருடமாக வைத்திருந்த காவல் ஒழுங்காக வேலை செய்தது. கொடுத்தது தெரியாமல் எடுத்துக்கொண்டால் அது பறித்ததுதான். ஆகவே ஜெசிந்தா செய்ததே சரி. அவருடைய மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியில் அந்தக் கடிதம் கிடந்தது: ‘அன்று ஒரே சொல்லில் திருப்பியது என் தவறு. இனி இது உங்களுடையது.’ முப்பது நாளானால் அங்கே கிடப்பதெல்லாம் தானாக அழிந்துவிடும். அதற்கு நாலே நாள்தான் மிச்சமிருந்தது.