மேட்டுப்பாளையம் பெட்ரோல்

"பதினொண்ணு வேணும், மேஸ்திரி" என்றான் போஜன்.

இலியாஸ் மேஸ்திரி வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எஞ்சின் ஹெட்டைச் சீவிக் கொடுங்க. பதினோரு பங்கு காத்தை ஒரு பங்கா அமுக்கணும். கம்பெனிக்காரன் எட்டுதான் வெச்சான். என் காருன்னு தெரிஞ்சே வெச்சிருப்பான்."

"எதுக்கு அவ்வளவு?"

"மாதியைக் கூட்டிட்டு வரணும்."

மாதி அவன் மனைவி. கோபித்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

"அவ அண்ணன் ஜீப் மலையேறும்போது எங்களை முந்திட்டே போகும். அவளும் பார்ப்பா. இந்தத் தடவை ஒருத்தன் முந்தக் கூடாது."

"அவளுக்கு அது வேணுமாமா?"

"அவ ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு வருவா, மேஸ்திரி. குளிருதுன்னு சொன்னாலும் மூடமாட்டா."

கேட்டதற்கு அது பதில் இல்லை.

போஜனும் நரைத்தவன்தான். மேஸ்திரியிடமே தொழில் கற்றவன். அவனுக்குத் தெரியாததா? மேஸ்திரி மறுபேச்சில்லாமல் சீவிக் கொடுத்தார்.

குன்னூர்த் தெருக்களில் கார் பறந்தது. போஜன் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"எஞ்சின்ல ஒரு தட்டல் இல்லை. கிளம்பறேன்."

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, மாதி உட்காரும் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எங்கே?"

"அடிவாரம் வரைக்கும்."

கீழே மேட்டுப்பாளையத்தில் வெயில் கொளுத்தியது. முதலில் வந்த பங்க்கில் பெட்ரோல் போட்டார்கள்.

"திருப்பு" என்றார் மேஸ்திரி.

"அவ வீடு அடுத்த தெருதான்!"

"திருப்பு. மலை ஏத்து."

போஜன் முணுமுணுத்தபடி திருப்பினான்.

முதல் வளைவில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினான். டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியது போல எஞ்சின் தட்டியது.

"பங்க்காரன் கலப்படம் பண்ணியிருக்கான்."

"ஊருக்கெல்லாம் நல்லதை ஊத்திட்டு உனக்கு மட்டும் கலந்தானா?"

"மேலே தட்டலையே!"

"மேலே குளிர். காத்தும் மெலிசு. நீ ஒருத்தன்தான் இருந்தே."

அடுத்த வளைவு இன்னும் செங்குத்து. தட்டல் பெருத்தது. போஜனுக்கு அந்தச் சத்தம் தெரியும். இப்படியே போனால் பாதி மலையில் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். கார் நடுரோட்டில் நின்றுவிடும்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

"பாரம் குறைஞ்சா சத்தமும் குறையும்" என்றார் மேஸ்திரி. கதவின் பிடியில் கை வைத்தார். "இறங்கிக்கட்டுமா?"

போஜன் திரும்பி அந்தச் சீட்டைப் பார்த்தான்.

காலை எடுத்தான். பின்னால் வந்த தேயிலை லாரி முந்திக்கொண்டு போயிற்று.

"இறங்காதே" என்றான்.

மேஸ்திரியை அவன் ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை.