கப்பலேறிய திருநீறு

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கொடி பறந்த காலம். அங்கே கடலோரச் சிவன் கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுத்து வந்தார் ஆலாலப் பண்டாரம் என்னும் அடியார். விடியுமுன் நீராடி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூப்பறிப்பார். தம் மூச்சுக்காற்றும் படாத பூதான் இறைவனுக்கு என்பது அவர் விரதம். தொண்டுக்குக் கூலியாகக் கோயிலில் அளந்து தந்த பட்டைச் சோறு அவருக்கும் மனைவி நீலாயிக்கும் போதவில்லை. அதனால் பகலில் புரூன் என்ற டேனிஷ் வைத்தியரிடம் வேலை பார்த்தார்.

வைத்தியருக்குச் செடி கொடிகள்மேல் தீராத ஆசை. ஆலாலர் கொண்டுவரும் செடிகளைத் தாளில் அழுத்திக் காயவைத்து, கோப்பன்ஹேகனில் இருந்த நண்பர் நீல்சனுக்குக் கடிதத்தோடு அனுப்புவார். நீல்சனும் செடியாராய்ச்சி செய்பவர். இளமையில் பிரிந்த இருவருக்கும் கடிதத்தில்தான் சந்திப்பு. பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலாகும்.

நம் உப்பங்கழிக் கரையில் பூக்கும் ஒரு நீலப்பூவை உயிரோடு பார்க்கவேண்டும் என்பது நீல்சனின் நெடுநாள் ஆசை. அனுப்பிய விதையெல்லாம் கப்பலிலேயே பூச்சி அரித்து வீணாயிற்று. இம்முறை வந்த கடிதத்தைப் படித்த வைத்தியர் கண்கலங்கினார்.

"என்ன தொரை, கெட்ட சேதியா?" என்றார் ஆலாலர்.

"நீல்சனுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, ஆலாலா. முழுக்க இருண்டுபோகுமுன் அந்தப் பூவைப் பார்க்க வேண்டுமாம்."

ஆலாலரின் நெஞ்சு உருகியது. நோயுற்றவருக்குத் திருநீறு அனுப்புவது நம் வழக்கம் அல்லவா? விதைப் பொட்டலம் கட்டுவது அவர் வேலை. தாம் சேர்த்து வைத்திருந்த கோயில் திருநீற்றையெல்லாம் கொட்டி, அதனுள் நீலப்பூவின் விதைகளை மட்டும் புதைத்து, இறைவனை நினைத்துக் கட்டினார். கப்பல் போன பிறகு வைத்தியரிடம் அதைச் சந்தோஷமாகச் சொல்லவும் செய்தார்.

வைத்தியரின் முகம் சிவந்தது. "விதையைச் சாம்பலிலா போட்டாய்! குப்பை என்று கொட்டிவிடுவாரே! போ, இனி வராதே!" நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அடுத்த கப்பலில் நண்பருக்கு எழுதினார்.

செய்தி கோயிலுக்கும் எட்டியது. சாம்பசிவ குருக்கள் கொதித்துப்போனார். "ஏண்டா, சுவாமி விபூதியைப் பரங்கிக்கு அனுப்பினியாமே! இனிமே நீ தொட்ட பூ இங்கே ஏறாது. வாசலைத் தாண்டாதே!"

"கண்ணு மங்குதுன்னாங்க சாமி. அவரும் அவன் புள்ளதானே?"

"பரங்கிப் பண்டாரமே, அடுத்த கப்பல்ல சுண்டல் ஏத்தலையா?" என்று மடைப்பள்ளி ஆட்கள் சிரித்தார்கள்.

இரண்டு பிழைப்பும் போயின. ஆலாலர் உப்பளத்தில் மூட்டை சுமந்தார், பாதம் வெடித்தது. ஆயினும் விடியலில் மாலை தொடுத்து, கோபுரத்தை நோக்கி மணலில் வைத்து வணங்குவார். அலை வந்து அள்ளிப்போகும்.

"யாருக்குங்க இது, கடலுக்கா?" என்று ஒருநாள் நீலாயி அம்மையார் பொறுக்காமல் கேட்டார்.

"அவனுக்குத்தான். வாசல் அவங்களோடது, நீலா. கடல் அவனோடதுதானே!"

மழைக்காலங்கள் கடந்தன. ஒரு விடியலில் குருக்களின் கனவில் இறைவன் தோன்றினான். "கடல் கடந்து எனக்கு ஒரு பூ வருகிறது. கொண்டுவரும் என் தொண்டனை மறிக்காதே" என்றான். குருக்கள் பதறி எழுந்தார்.

அன்றே கப்பல் வந்தது. வைத்தியர் நீல்சனின் கடிதத்தோடு உப்பளத்துக்கு ஓடினார். மூச்சு வாங்க நின்று படித்தார்:

"மற்ற விதைகளெல்லாம் பூச்சிக்கு இரையாயின. சாம்பலில் கிடந்தவை மட்டும் முளைத்தன. பூத்தன. அந்த நீலத்தைப் பார்த்துவிட்டேன். இனி இருண்டாலும் கவலையில்லை. முதல் பூவை நான் வைத்துக்கொள்ளவில்லை. சாம்பல் தந்தவரின் தெய்வத்துக்கு அனுப்புகிறேன்."

"என்னை மன்னித்துவிடு, ஆலாலா" என்று தாளில் காய்ந்திருந்த பூவை நீட்டினார்.

ஆலாலர் நீராடி, வாயைக் கட்டிக்கொண்டு, பூவை ஏந்திக் கோயிலுக்குப் போனார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"காஞ்ச பூவையா சாமிக்குச் சாத்துவாங்க?" என்று மடைப்பள்ளியில் யாரோ நகைத்தார்கள்.

"வாயை மூடுடா! அது எவ்வளவு தூரம் வந்திருக்கு தெரியுமா?" என்று அதட்டியபடி குருக்கள் ஓடிவந்தார். அடியாரின் கையைப் பிடித்துப் படியேற்றினார். "ஆலாலரே, உள்ளே வாரும். சுவாமி காத்துண்டிருக்கார்."

நீலகண்டன் திருமுடியில் அந்த நீலப்பூ ஏறியது. வாயைக் கட்டிய துணி நனைய நின்றார் அடியார்.

முகமறியாதவர் நோய்க்கு இரங்கித் தம் திருநீற்றையெல்லாம் கப்பலேற்றிய அந்த ஈர நெஞ்சை வணங்குவோம்!