வருஷம் தவறாமல்

திருவண்ணாமலையில் ஒரு சிறிய மடம். அங்கே சமையல் வேதவல்லியின் பொறுப்பு. அறுபதைத் தாண்டியவர். குருவான ஏகாம்பர அடிகள் அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் வேதவல்லிக்குத் தீட்சை கொடுத்தவர் அவர்தான்.

மாசி மாதம். வேதவல்லியின் மகள் பூங்கோதை இறந்த திதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை, துணிப்பையோடு வந்து குருவின் முன்னால் நின்றார்.

"கிளம்புறேன் சாமி."

"எங்கம்மா?"

"தெரியல. இத்தனை வருஷம் சிவன் பேரைச் சொல்லியும், மாசி பிறந்தாலே நெஞ்சு அடிச்சுக்குது. நேத்து அடுப்படியில அழுதுட்டேன். சிவத்தொண்டு செய்யறவளுக்கு இன்னும் பந்தம் விடலையான்னு ஒருத்தர் கேட்டுட்டார். அவர் சொன்னது நியாயம்தானே? என் பக்தி பொய் சாமி."

அடிகள் எழுந்து மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு மாசி மகம். பள்ளிகொண்டாப்பட்டு ஆத்தங்கரை வரைக்கும் என்னோட வாங்க. அப்புறம் கிளம்பலாம்."

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். அண்ணாமலையார் எழுந்தருளியிருந்தார். மாசி மகத்தன்று சமையலறையை விட்டு வெளியே வந்ததேயில்லை வேதவல்லி. எட்டிப் பார்த்தார்.

"சாமி எதுக்கு இங்க வந்திருக்கார்?"

"திதி கொடுக்க."

"சாமியா? யாருக்கு?"

"வல்லாள மகாராஜாவுக்கு. பிள்ளையில்லாத ராஜா. நானே உனக்கு மகன்னு அண்ணாமலையார் ஏத்துக்கிட்டாராம்."

"ராஜா போயி எவ்வளவு காலமாச்சு?"

"அறுநூறு, எழுநூறு வருஷம் இருக்கும்."

"அன்னிலேருந்து வர்றாரா?"

"வருஷம் தவறாம."

வேதவல்லி மணலில் உட்கார்ந்துவிட்டார். அடிகளும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பூங்கோதை எப்படிம்மா? சேட்டைக்காரியா?"

யாரும் வேதவல்லியிடம் அப்படிக் கேட்டதில்லை.

"ஐயோ, ஏன் கேக்கறீங்க! நைவேத்தியப் பொங்கல்ல முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்னுடுவா. திட்டினா, 'சாமிதான் எடுத்துக்கச் சொல்லிச்சு'ம்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. அவசரமாக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பாருங்க சாமி, இங்கயும் அழறேன். இது எப்பதான் விடும்?"

அடிகள் ஆற்றைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அவரே இன்னும் வந்துக்கிட்டிருக்கார். நமக்கு என்னம்மா அவசரம்?"