அரை அங்குலம்

இக்கதையை முதன்முதலில் சொன்னவர் மணப்பாறைத் தகரப் பட்டறை அருளாயி அம்மாள். கணவர் சவரிமுத்து தகடு வெட்டி அடிப்பார். அதற்கு முன் காகிதத்தில் அளவு போட்டுக் கொடுப்பது அம்மாளின் வேலை. காகிதம் காட்டிய கோட்டை மீறிச் சவரிமுத்து ஒருநாளும் சுத்தி தூக்கியதில்லை. அது அந்தப் பட்டறையின் வழக்கம்.

அந்நாளில் அப்பட்டறை வாசலில் ஒரு தகடு மல்லாந்து கிடந்தது. வானில் மேகம் போனால் அதன் மேலும் மேகம் போகும். கிளிக்கூட்டம் பறந்தால் அதன் மேலும் பறக்கும். ஆனால் அதன் இடவிளிம்பும் வலவிளிம்பும் ஒன்றையொன்று கண்டதே இல்லை. தட்டையாய்க் கிடப்பதற்குத் தன் மறுகரை எப்படித் தெரியும்?

ஒரு நாள் முற்பகலில் இட்லிக்கடை தவமணி ஒழுகும் தூக்குவாளியோடு வந்தாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில புது வாளி கைக்கு வந்தாகணும். சாம்பார் இல்லேன்னா மில்லுக்காரங்க இட்லியைத் தின்ன மாட்டாங்க, என்னைத்தான் தின்னுவாங்க."

"ஏழு அங்குல வாய் போதுமா?"

"போதும் போதும். அண்ணன் வாய் அளவுக்கு வேணாம்."

"கேக்குது, கேக்குது" என்றார் உள்ளேயிருந்து சவரிமுத்து.

அம்மாள் சிரித்துக்கொண்டே காகிதத்தை விரித்தார். ஏழு அங்குல வாய்க்கு இருபத்திரண்டு அங்குலச் சுற்று. அதற்கு மேல் இரு முனைகளிலும் அரை அரை அங்குலம் விட வேண்டும். தகடு வளைந்து வந்து சேருமிடத்தில் இரு விளிம்புகளையும் கொக்கிபோல் மடித்து, ஒன்றில் ஒன்றை மாட்டி அடிப்பதற்கு அந்த அளவு. இடப்பக்கம் அரை அங்குலம் விட்டார். காகிதத்தைத் திருப்பினார். அதற்குள் தவமணி தன் நாத்தனார் கல்யாணத்துச் சண்டையை எடுத்துவிட்டாள். பந்தியில் பாயசம் பற்றாமல் போன கட்டம் வந்தபோது அம்மாள் காகிதத்தை மறுபடியும் திருப்பினார். இடப்பக்கமே இன்னோர் அரை அங்குலத்தையும் விட்டார்.

தகட்டில் கோடு கீறியாயிற்று. இருபத்து மூன்று அங்குலத்துக்கு வெட்டியும் ஆயிற்று. தவமணியும் போய்விட்டாள். சவரிமுத்து தகட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தப் பக்கம் ஒரு அங்குலம் கெடக்கு. இந்தப் பக்கம் மடிக்க என்ன இருக்கு, என் நகமா?"

அம்மாளுக்கு முகம் கறுத்தது. "வேற தகடு?"

"திங்கக்கிழமை லாரி வந்தாத்தான். இதை நறுக்கி முறமா அடிச்சிர வேண்டியதுதான். குப்பையாவது அள்ளும்."

அவர் சாப்பிடப் போய்விட்டார். அம்மாளுக்குச் சோறு செல்லவில்லை. தவமணியின் பிழைப்பு ஒரு நாள் கெடும். அதுவும் தம் கையால் கெடும். தகட்டின் அருகிலேயே தலைசாய்த்துக் கிடந்தார். கண் செருகியது.

உச்சிவெயிலில் தகடு சூடேறி மெல்ல நெளிந்தது. இரு விளிம்புகளும் மயிரிழை உயர்ந்தன. அன்றுதான் ஒன்றையொன்று பார்த்தன.

"யார் நீ?" என்றது இடவிளிம்பு.

"உன் மறுமுனை. உன்னிடம் இருப்பதில் அரை அங்குலம் என்னுடையது."

"ஓர் அங்குலத்துக்கும் எனக்குக் கோடு கீறித் தந்திருக்கிறார்கள். கண் இருந்தால் பார்த்துக்கொள்."

"பார்த்தேன். அத்தனையையும் மடித்துக் கொக்கியாக்கு. பிறகு எதில் கொண்டுபோய் மாட்டுவாய்?"

சுவரில் தொங்கிய கத்தரி கொட்டாவி விட்டது. "சீக்கிரம் முடியுங்கள். முறம் என்றால் எனக்கு நாலே வெட்டு."

வலவிளிம்பு நடுங்கியது. இடவிளிம்பின் குரலும் இறங்கியது. "கொடுக்க மனம் வந்தாலும் எப்படிக் கொடுப்பேன்? நமக்கு நடுவே இருபத்திரண்டு அங்குலம் வெறுமையல்லவா?"

"வெறுமையா?"

அதுவரை வானத்தை மடியில் ஏந்திப் பேசாதிருந்த நடுத்தகடு கேட்டது. "நான் இருக்கிறேன் அம்மா. நீ அரை அங்குலத்தை என்னிடம் விடு. நான் அந்தப் பக்கம் அரை அங்குலம் விட்டுக்கொடுக்கிறேன். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்."

"நான் குறைந்துபோவேனே."

"மடிந்து மறையப் போகிறவளுக்கு அரை அங்குலம் போதாதா?"

"சரி, வளைந்த பிறகு உன் மடியிலுள்ள வானம் என்ன ஆகும்?"

"அது எனக்கும் தெரியாது" என்றது நடுத்தகடு.

ஒரு மேகம் இந்தக் கரையில் ஏறி, நடுவைக் கடந்து, அந்தக் கரையில் இறங்கியது. அது போன வழியையே இடவிளிம்பு வெகுநேரம் பார்த்திருந்தது. பிறகு, "எடுத்துக்கொள்" என்றது.

அம்மாள் திடுக்கிட்டு எழுந்தார். கீறும் ஆணியை எடுத்தார். இடவிளிம்பிலிருந்து அரை அங்குலத்தில் ஒரு கோடு. வலவிளிம்பிலிருந்து அரை அங்குலத்தில் ஒரு கோடு. கை கழுவிய ஈரத்தோடு சவரிமுத்து வந்து நின்றார்.

"என்ன, அளவைக் குறைச்சிட்டியா?"

"ஒண்ணும் குறையலைங்க. கோடு ரெண்டும் கொஞ்சம் நடந்திருக்கு, அவ்வளவுதான்."

அவர் கோட்டுக்குக் கோடு அளந்தார். இருபத்திரண்டு. மறுபடியும் அளந்தார். "அடடே! பாயசம் பத்தாத கல்யாணம் நம்ம ரெண்டு பேர் கண்ணையும்ல மறைச்சிருச்சு!"

தகடு வளைந்தது. தொலைவில் கிடந்த இரு கரைகளும் அருகே வந்தன. மூச்சுப் படும் தூரத்துக்கு வந்தன. ஒன்றின் மடியில் ஒன்று புகுந்தது. மேலே மரச்சுத்தி இறங்கியது. அந்த மடிப்பின் இருட்டுக்குள் எது இடம், எது வலம் என்று பிறகு அவற்றுக்கே தெரியவில்லை.

அப்பட்டறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வாளியை அதன் அளவுக் காகிதத்தின் மேலேயே வைத்து, நீர் நிரப்பி, காத்திருப்பார்கள். காகிதத்தில் ஒரு பொட்டு ஈரம் கண்டாலும் வாளி வாசலைத் தாண்டாது.

மறுநாள் காலை தவமணி சாம்பார்ச் சட்டியோடு வந்து நின்றாள். வாளி நிறைய நீர் நின்றது. முன்பு மேலாக மட்டும் படிந்து கிடந்த வானம் இப்போது ஏழு அங்குல வட்டத்துக்குள் ஆழம் காண முடியாதபடி இறங்கியிருந்தது.

"நனைஞ்சிருக்கா அக்கா? சொல்லுங்க."

அம்மாள் வாளியைத் தூக்கினார். காகிதம் காய்ந்தே இருந்தது. பென்சிலை எடுத்து அதன் இடப்பக்கம் கூடுதலாய்ப் போட்ட கோட்டை அடித்துவிட்டு, வலப்பக்கம் புதுக்கோடு போட்டு, பக்கத்தில் எழுதி வைத்தார்: இடவிளிம்பு வலவிளிம்புக்குத் திருப்பித் தந்தது, சரியாக அரை அங்குலம்.