வராத தண்ணீருக்குக் காத்திருந்த முயல்

காட்டில் கொடுமையான கோடை. குட்டைகளெல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்தன. மலை உச்சியில் ஒரே ஓர் ஊற்றுதான் மிச்சம்.

நடக்க முடியாத பிராணிகளுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு சேவைச் சங்கம் ஆரம்பித்தார்கள். தலைவர் ஒரு மிளா மான். பெரிய கொம்பு, பெரிய மனசு, யார் முகமும் வாடிவிடக் கூடாது என்று நினைக்கிற நல்லவர். சுரைக்குடுக்கையில் தண்ணீர் சுமக்கிற வேலை மந்திக்கும் அவள் கூட்டத்துக்கும்.

அந்தத் தண்ணீரை நம்பி ஒரு முயல் இருந்தாள். நரியிடமிருந்து தப்பி ஓடியதில் பின்னங்கால் முறிந்து, புதரடியில் இரண்டு குட்டிகளோடு கிடந்தாள்.

ஊற்றுக்கண் அடியில் சுருங்க ஆரம்பித்தது; மேலே பார்த்தால் தெரியாது. கொம்பை விட்டு ஆழம் பார்த்த மிளாவுக்கு மட்டும் அது தெரியும். 'சொன்னால் மந்திகளுக்கு மனசு விட்டுப்போகும்' என்று மென்று விழுங்கினார். மந்திகளுக்கோ மரத்தில் பழமில்லை, வயிற்றில் பசி. பக்கத்து மலைக்குப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டார்கள். 'தலைவர் வருத்தப்படுவாரே' என்று அவர்களும் மூச்சுவிடவில்லை.

பேச இடமில்லாமலா? வாரம் தவறாமல் கூட்டம்! கிளியின் வரவேற்புரை. தேக்கிலையில் பொன்னாடை. மிளா மந்திக்குப் போர்த்தினார், மந்தி மிளாவுக்குப் போர்த்தினாள்.

"மந்தியம்மா இருக்கிறவரை நமக்கென்ன கவலை!"

"எல்லாம் தலைவரோட நல்ல மனசு!"

நன்றியுரை முடிந்ததும் கலைந்தார்கள். ஊற்றைப் பற்றி ஒரு வார்த்தை? ஊஹூம்!

ஒரு நாள் அந்த வழியாக யானைக் கூட்டம் வந்தது. மூத்த யானை புதரடியில் குனிந்து பார்த்தாள்.

"ஏண்டி முயலு, நாங்க ஆத்தங்கரைக்குப் போறோம். உன்னையும் குட்டிகளையும் என் முதுகில ஏத்திக்கறேன். காலையில கிளம்பினா அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டோம். யோசிச்சுச் சொல்லு!"

முயல் தண்ணீர் கொண்டுவந்த மந்தியைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இனிமேலும் தண்ணி வருமா? வராதுன்னா நான் யானையம்மாகூடப் போயிடறேன். மறைக்காம சொல்லுங்க!"

மந்தி தலையைச் சொறிந்தாள். "அதையெல்லாம் நான் எப்படிம்மா சொல்றது? தலைவரைக் கேளு."

அன்று சாயங்காலம் நலம் விசாரிக்கத் தலைவர் வந்தார். அவரையும் கேட்டாள்.

"மந்தி என்ன சொன்னா?" என்றார் மிளா.

"உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

"பின்னே என்ன? முடியாதுன்னா அவளே சொல்லியிருப்பாளே! நாங்க இருக்கோம், தைரியமா இரு!"

காலையில் யானை வந்து நின்றாள். "நிஜமாவே வரலியா?"

"சங்கம் இருக்கே, யானையம்மா!"

யானைகள் போய்விட்டன. மறுநாளே மந்திகளும் போய்விட்டார்கள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல். ஊற்றில் சேறுதான் இருந்தது. மிளா அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, முயலிடம் எந்த முகத்தோடு போவது என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

முயல் குட்டிகளின் உதட்டை நக்கி நக்கி ஈரமாக்கினாள். அப்புறம் அவள் நாக்கும் காய்ந்தது. முதலில் சின்னக் குட்டி போனது. பிறகு பெரியதும்.

மனசு கேட்காமல் மந்தி அடுத்த மலையிலிருந்து ஒரு குடுக்கைத் தண்ணீரோடு ஓடி வந்தாள். அப்போதுதான் மிளாவும், "ஊத்து வத்தும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று புலம்பிக்கொண்டே வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் குட்டிகளைப் பார்த்தார்கள்.

"ஊத்து வத்தறது தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கத்தினாள் மந்தி.

"நீ மலையை விட்டுப் போறதை ஏன் சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்!"

"நானும் உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்!"

முயல் தலையைத் தூக்கினாள். "ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்க. 'தண்ணி வராது, போயிடு'ன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா, எம் பிள்ளைங்க இந்நேரம் ஆத்தங்கரையில புல்லு மேஞ்சுக்கிட்டிருக்கும்."

மந்தி குடுக்கையை அவள் வாயருகே நீட்டினாள். முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறருக்கு உதவவென்று கூடுகிறவர்கள் தங்களுக்குள் உண்மையைப் பேசக் கூச்சப்பட்டால், அந்தக் கூச்சத்துக்குப் பலியாவது அவர்களை நம்பிக் கிடந்தவர்களே.