கதவைத் திறந்தவன்

நீலமேகம் முப்பது வருஷம் நீதிபதியாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே மலையடிவாரத்தில் இருந்த மெய்யம்மையின் ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதை அவர் ஒருநாளும் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் எதைக் கண்டாலும் இரண்டு பக்கத்தையும் கேட்டு, கடைசியில் ஒரு முடிவு சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ஆசிரமத்தில் யாருக்குள் பிணக்கு வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள்.

அந்த வருஷம் தை மாதம் ஒரு நாடகக் குழு வந்தது. புளியந்தோப்பில், நல்ல வெயிலில், நாடகம் போட்டார்கள்.

செவ்வரைக் கோட்டையை எதிரிப்படை நெருங்குகிறது. அரசன் கதவை அடைக்கச் சொல்கிறான். சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து தப்பி ஓடிவந்த ஜனங்கள் வெளியே மாட்டிக்கொள்கிறார்கள். நாலு நாள் பட்டினி. உள்ளே களஞ்சியம் நிறைய நெல். யாருக்கும் திறக்கக் கூடாது என்பது ஆணை. ஐந்தாம் நாள் வாசல் காவலன் மாறையன் கதவைத் திறந்துவிடுகிறான். ஜனங்கள் உள்ளே ஓடுகிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே எதிரியும் நுழைகிறான். அரசனும் முந்நூறு வீரர்களும் மடிகிறார்கள். ஜனங்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

மேடையில் கதவு என்று எதுவும் கிடையாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்த சிவப்புத் துணிதான் கதவு. ஆனால் மாறையனாக நடித்தவர், அங்கே இல்லாத தாழ்ப்பாளில் கை வைத்தபோது தோப்பு மூச்சை அடக்கிக்கொண்டது. கை முன்னே போனது. பின்வாங்கியது. மறுபடியும் போனது. எத்தனை நேரம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. இரும்பின் கனம் முழுவதும் அந்தத் தோளில் தெரிந்தது.

நீலமேகத்துக்கு மேனி சிலிர்த்தது. ‘திறக்காதே’ என்று அவர் வாய் முணுமுணுத்தது. அடுத்த மூச்சில் ‘திற’ என்றது. இரண்டையும் சொன்னது தானா என்று அவர் திகைத்துப் போனார்.

நாடகம் முடிந்ததும் சீடர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். மாறையன் மாவீரன் என்றார்கள் சிலர். உப்பிட்டவனைக் காட்டிக்கொடுத்த துரோகி என்றார்கள் சிலர். வழக்கம்போல நீலமேகத்திடம் வந்தார்கள்.

அவர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இந்தப் பக்கம் ஏழு காரணம் எழுதினார். அந்தப் பக்கமும் ஏழுதான் வந்தது. கடைசி வரி மட்டும் வரவில்லை. தாளோடு குருவிடம் போனார்.

மெய்யம்மை சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, மாறையன் வீரனா, துரோகியா?”

குரு தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். மடித்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு எழுந்து ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, மேலே ஒரு பழந்துணியை வைத்து நீட்டினார்.

“மாறையன் வேஷக்காரர் கிணத்தடியில தனியா உட்கார்ந்திருக்கார். அவருக்கு அரிதாரம் கலைச்சு விட்டுட்டு வாங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“அவருக்குக் கண்ணு எரியுதாம். முதல்ல அதைப் பாருங்க.”

கிணற்றடிக் கல்லில் அந்த மனிதர் கண்களை இறுக மூடியபடி இருந்தார். முகம் முழுக்கச் சிவப்பு. புருவத்து மை வேர்வையில் கரைந்து வழிந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் தூக்கினார்.

“யாருப்பா? எண்ணெய் கொண்டாந்தியா? சாயம் உள்ள எறங்கிட்டுது. கண்ணைத் தொறக்க முடியல.”

நீலமேகம் பேசாமல் எதிரே உட்கார்ந்தார். துணியை எண்ணெயில் தோய்த்து நெற்றியிலிருந்து துடைக்கத் தொடங்கினார். சிவப்பு மெல்லக் கரைந்தது. நரைத்த புருவம் வந்தது. மூக்கு வந்தது. பிறகு இடது கன்னத்தில், காதிலிருந்து தாடை வரைக்கும், நீளமாக ஒரு தழும்பு வந்தது.

நீலமேகத்தின் கை நின்றுவிட்டது.

அந்தத் தழும்பை அவர் பதினோரு நாள் தொடர்ந்து பார்த்திருக்கிறார், குற்றவாளிக் கூண்டுக்குள்.

சொரிமுத்து. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆற்றில் வெள்ளம் வந்து ஊர்கள் முழுகிய வருஷம் அது. அரசாங்கக் கிடங்கு நிறைய அரிசி இருந்தது. வெளியே ஜனம் நாலு நாளாகக் காத்துக் கிடந்தது. மேலிடத்து உத்தரவு வரவில்லை. கிடங்குக் காவல்காரன் சொரிமுத்து பூட்டைத் திறந்துவிட்டான். ஒரே வாசலில் அத்தனை பேரும் பாய்ந்ததில் ஒரு கிழவரும் ஆறு வயசுப் பெண் குழந்தை ஒன்றும் மிதிபட்டுச் செத்தார்கள். ஏழு வருஷம் சிறை என்று நீலமேகம் தீர்ப்பு எழுதினார்.

இப்போது எழுந்து போய்விட்டால் அந்த மனிதருக்குத் தெரியப்போவதில்லை. கண்தான் மூடியிருக்கிறதே. ஆனால் முகம் பாதி சிவப்பாக, பாதி மனிதனாக இருந்தது. அப்படியே விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. மறு கன்னத்தையும் துடைத்தார். கடைசியாக இரண்டு இமைகளையும், குழந்தைக்குச் செய்வதுபோல மெதுவாக ஒற்றி எடுத்தார்.

“இனிமே கண்ணைத் திறக்கலாம்” என்றார்.

குரல் காதில் விழுந்த மாத்திரத்தில் சொரிமுத்து எழுந்து நின்றார். கண் இன்னும் திறக்கவில்லை. கைகள் தாமாகவே முன்னால் கட்டிக்கொண்டன.

“எசமான்.”

“உட்காருங்க, சொரிமுத்து.”

சொரிமுத்து கண்ணைத் திறந்தார். எதிரே இருந்தவரைப் பார்த்தார். அவர் விரல்களில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார்.

“ஐயாவா எனக்குத் தொடச்சு விட்டது?”

“என்மேல கோபம் இருக்குமே?”

“கோபமா?” சொரிமுத்து கல்லில் உட்கார்ந்தார். “அந்தப் புள்ளை பேரு பொன்மாரி. ஐயாவுக்கு ஞாபகம் இருக்கா? ஜாமீன்ல வந்தப்போ ஊரே எனக்கு மாலை போட்டுச்சு. சாமின்னு கும்பிட்டாங்க. ஒருத்தர்கூட அவ பேரைச் சொல்லல. எனக்குச் சோறு எறங்கல. கோர்ட்டுல நீங்க ஒருத்தர்தான் அவ பேரைச் சத்தமா வாசிச்சீங்க. ஏழு வருஷம்னு சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு.”

நீலமேகம் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“அப்போ, திறந்தது தப்புன்னு நினைக்கிறீங்களா?”

“வெளியே அழுத புள்ளைங்க எத்தனை இருந்துச்சு! அதுங்க எல்லாம் வளர்ந்து ஆளாயிட்டுதுங்க. போன மாசம் ஒருத்தி தேடிவந்து கல்யாணப் பத்திரிகை வச்சா. அதைத் தப்புன்னு எந்த வாயால சொல்றது?”

“அப்போ சரிதானா?”

“பொன்மாரி முன்னால நின்னு அப்படிச் சொல்லுவேனா ஐயா?”

கிணற்று ராட்டினத்தில் ஒரு மைனா வந்து உட்கார்ந்து, பறந்து போயிற்று. நீலமேகம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அதையே திரும்பத் திரும்ப ஏன் நடிக்கிறீங்க?”

“வேற வேஷம் குடுத்தாங்க. நான்தான் இதைக் கேட்டு வாங்கிக்கிட்டேன். பதினாலு வருஷமாச்சு. ஒவ்வொரு தடவையும் இன்னைக்குத் தொறக்கக் கூடாதுன்னுதான் மேடை ஏறுவேன். தாழ்ப்பாள் கிட்ட போனதும் வெளியே சத்தம் கேக்கும். கை போகும். அரசர் கீழே விழுந்ததும், ஐயையோ தொறந்திருக்க வேண்டாமேன்னு தோணும்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும். தொறப்பேனா மாட்டேனான்னு இன்னைக்குக்கூட எனக்கு முன்கூட்டியே தெரியல.”

நீலமேகம் அவருடைய வலது கையைப் பார்த்தார். நகத்தில் சாயம் ஏறிய, காய்ப்புக் காய்த்த, வயதான கை. அவர் எத்தனையோ கைகளை நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறார். கத்தி பிடித்த கை, கையெழுத்துப் போட்ட கை. இத்தனை வருஷமாக ஒரே தாழ்ப்பாளின் முன்னால் நின்றுகொண்டிருக்கும் கையை இப்போதுதான் பார்க்கிறார். கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. தண்ணீர் இறைத்து அந்தக் கைகளில் ஊற்றினார். சொரிமுத்து முகம் கழுவிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது குரு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

“அவர் யாருன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா அம்மா?”

“கண்ணு எரியுதுன்னு சொன்னார். அது தெரியும்.”

நீலமேகம் நடந்ததையெல்லாம் சொன்னார். குரு அடுப்பில் சுள்ளி வைத்தபடியே கேட்டார்.

“மாறையனை விடுங்க அம்மா. அந்த மனுஷருக்கு நான் செஞ்சது நல்லதா, கெட்டதான்னே இப்போ எனக்குச் சொல்லத் தெரியல. நான் யாரு அவர் கதையில?”

குரு அடுப்பை ஊதினார். தீ பிடித்துக்கொண்டது.

“நாளைக்குக் கீழூர்ல இதே நாடகம். அவங்க குழுவுல ஒருத்தருக்குக் காய்ச்சலாம். ஆள் கேட்டாங்க. நீங்க போறீங்களா?”

“நானா? எனக்கு என்ன வேஷம்?”

“கதவுக்கு வெளியே பட்டினியா நிக்கிறவன்.”

“என்ன பேசணும்?”

“அவனுக்கு வசனம் கிடையாது. கதவு திறக்குமான்னு பார்த்துக்கிட்டே நிக்கணும்.”