ஏட்டுக் குகையில் வெட்டிவேர்த் தட்டி

ஒரு காட்டில் கூரப்பன் என்ற முள்ளம்பன்றி இருந்தது. காட்டின் ஓலை ஏடுகளுக்கெல்லாம் அதுதான் காவல். முயல்கள் தண்ணீர் குடித்த பிறகே காட்டுப்பன்றிகள் குளத்தில் புரளலாம் என்ற ஒப்பந்தமும் அதன் குகையில்தான் இருந்தது. அந்த ஏட்டுக் கட்டின் மேல் ஓலையில் கூரப்பன் தன் பட்டங்களை வேறு எழுதி வைத்திருந்தது. யார் கொடுத்த பட்டம்? தானே கொடுத்துக்கொண்டதுதான்!

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஐயோ, ஏடுகளுக்கு வேர்க்குமே!" என்று பதறியது கூரப்பன். வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, குடம் குடமாய்த் தண்ணீர் தெளித்தது. காற்றுத் துளைகளைக் களிமண்ணால் அடைத்தது. குகை சில்லென்று ஆனது. கூரப்பன் பகலெல்லாம் குறட்டை விட்டது.

சுவரிலிருந்த பல்லி உச்சுக்கொட்டியது. "அண்ணே, ஏட்டுக்கு எமன் ஈரம்தான்! நான் சிரட்டையில் வச்ச கல்லுப்பைப் பாருங்க, ஒரே நாளில் கசிஞ்சு போச்சு!"

"எத்தனை ஏடு பார்த்தவன் நான்! எனக்கு உப்பு பாடம் சொல்லுதா?"

ஒரு மாதம் போனது. செவந்தி முயல் அழுதுகொண்டே ஓடி வந்தது.

"அண்ணே! பன்றிகள் குளத்தைச் சேறாக்கிட்டாங்க! என் குட்டிகள் நாக்கு வறண்டு கிடக்குதுங்க. ஏட்டை எடுங்க!"

பின்னாலேயே பன்றித் தலைவன் உறுமியது. "ஏடு இருந்தால் காட்டு! இல்லையென்றால் குளம் எங்களுக்கு!"

கூரப்பன் கட்டை அவிழ்த்தது. பூஞ்சணம்! நமுத்த அப்பளம் போல ஓலைகள் ஒட்டிக் கிடந்தன. பட்டங்கள் எழுதிய ஓலை தொட்டதும் உதிர்ந்தது. கூரப்பன் பன்றித் தலைவன் பக்கம் திரும்பியது.

"நாளை உச்சிவேளை வரை பொறு!"

"பொறுத்தேன். அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது!"

கூரப்பன் தட்டியைப் பிய்த்தெறிந்தது. களிமண்ணை இடித்துத் துளைகளைத் திறந்தது. கட்டை நிழற்காற்றில் உலர்த்தியது. பிறகு தன் முள்ளையே பிடுங்கி, ஓலை ஓலையாய் நெம்பிப் பிரித்தது. எல்லாம் போய், நடு ஓலையில் ஒரே வரி பிழைத்திருந்தது: "முதலில் முயல் குடிக்க, பின்னர் பன்றி இறங்குக."

மறுநாள் உச்சிவேளையில் வந்த பன்றித் தலைவன் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தது. முணுமுணுத்துக்கொண்டே குளத்தை விட்டு விலகியது.

"ஏட்டைக் கெடுத்தது கரையானா அண்ணே?" என்று கேட்டது செவந்தி.

"கரையானுக்கு ஏனம்மா கெட்ட பேர்? நான் சுகமாய்த் தூங்கத் தண்ணீர் தெளித்துவிட்டு, ஏட்டுக்கென்று பெயர் வைத்தேன். இனி அந்தச் சிரட்டை உப்பு உலர்ந்திருந்தால்தான் எனக்குத் தூக்கம்!"

தனக்குச் சுகமானதெல்லாம் தான் காக்கும் பொருளுக்கும் சுகம் என்று நினைப்பவன் காவல்காரன் அல்ல, முதல் கரையான்.